புதனைக் காட்டிய தோல் பை

ஆம்பூர் நண்பர்களுக்கு வணக்கம்.

நேற்று, 2016 மே 9 அன்று, புதன் கோள் சின்னப் பொட்டாகச் சூரியனுக்கு முன்னால் கடப்பதைப் பார்த்தேவிட்டோம். மாலை 4.42க்குத் தொடங்கியது, பொழுது இறங்கும் வரை விடவில்லை. தொலைநோக்கியின் சூரிய வடிகட்டி மதியமே பயன்படாமல் போன கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள மனமில்லை.

தொலைநோக்கி தந்த ஆசிரியர், மாடியைத் திறந்துவிட்ட வீட்டார், அக்னி நட்சத்திர வெயிலில் மோர்க் குடம் சுமந்த இளைஞர்கள், தெருமுனையில் ஒலிபெருக்கியைத் தணித்துக்கொண்ட தேர்தல் பிரசார ஜீப்காரர்கள், அட்சய திருதியை அதுவுமாக நகைக்கடையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு படியேறிய தாய்மார்கள், எல்லாருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் எதிர்வீட்டு அக்காவுக்கானது. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வடிகட்டி இல்லாத தொலைநோக்கியில் கண்ணை வைக்க முடியாது, பார்வை போய்விடும். மிச்சம் இருந்த வழி, சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைப்பதுதான். பதினைந்து சென்டிமீட்டர் வட்டம் கிடைத்தது. புதனோ சூரிய விட்டத்தில் 158இல் ஒரு பங்கு. அட்டையில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. மொட்டைமாடி வெளிச்சத்தில் பிம்பமே வெளிறிக் கிடந்தது. போர்வையைப் பிடித்தோம், காற்று விடவில்லை.

காய்ந்த துணியை எடுக்கத் தம் வீட்டு மாடிக்கு வந்த அக்கா, என்ன தகராறு என்று கேட்டார். சொன்னோம். பதில் பேசாமல் இறங்கிப் போனார். ஷூ கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே மேல்தோல் தைத்துக் கொடுப்பவர் அவர்; ஜோடிக் கணக்கில் கூலி. திரும்பி வந்தபோது கையில் கறுப்புத் தோல் துண்டுகளும் மெழுகு நூலும் ஊசியும் இருந்தன. அட்டையையும் தொலைநோக்கியின் முனையையும் சேர்த்து மூடும்படி ஒரு பை தைத்தார். பக்கத்தில் முகம் நுழைக்க ஒரு வாய். அவ்வளவுதான், உள்ளே இருட்டு. சூரியன் பளிச்சென்று வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் புதனை எங்களால் காட்ட முடியவில்லை. நேற்று சூரியனில் கரும்புள்ளிகளும் இருந்தன. எது எது என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருக்க, அக்கா பைக்குள் தலையை விட்டார். நடுவில் இருப்பவை சாயம் ஊறிய கறைபோல ஓரம் மங்கியிருக்கின்றன, விளிம்போரம் இருப்பது ஊசி குத்திய துளை, அதுதான் உங்கள் ஆள் என்றார். சற்று நேரத்தில் அந்தத் துளை உள்ளே நகர்ந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சல் பஜார் வரை கேட்டிருக்கும்.

1631இல் பாரிசில் கசாந்தி என்பவர்தான் இந்தக் காட்சியை முதன்முதலில் பதிவுசெய்தார். அவரும் இருட்டறையில் வெள்ளைத் தாளில்தான் பிம்பத்தை விழவைத்தார். புதனைக் கண்டதும் கரும்புள்ளி என்றே முதலில் எண்ணினார். எங்கள் அக்காவுக்கு அந்தக் குழப்பம்கூட வரவில்லை. காவலூர் வானாய்வகம் பக்கத்திலேயே இருக்கிறது என்று ஊர்ப் பெருமை பேசும் நாங்கள், இத்தனை கூர்மையான கண் எதிர்வீட்டில் இருப்பதை அறியாமல் இருந்திருக்கிறோம்.

நேற்று மாலை அவர் எத்தனை ஜோடிக் கூலியை இழந்தார் என்று கேட்டோம். சிரித்தாரே தவிர, சொல்லவில்லை.

2019இல் வரும் புதன் கடப்பு தொடங்கும்போது நமக்கு இருட்டிவிடும். அதற்கடுத்தது 2032 நவம்பர் 13, நம் ஊரில் நண்பகலுக்குப் பிறகு. அன்று முதலில் பார்ப்பது அக்காதான். இது எங்கள் எல்லாருடைய வாக்கு.

பை இப்போது ஆசிரியர் வீட்டில் இருக்கிறது. சூரியப் புள்ளி பார்க்க எந்தப் பள்ளி கேட்டாலும் தருவோம். மழையில் மட்டும் நனைத்துவிடாதீர்கள். தோல் விறைத்துப்போகும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார்.