பாட்காஸ்ட் செயலி நிர்வாகத்தினருக்கு: நீங்கள் இரைச்சல் என்று நீக்குவது எங்கள் நிகழ்ச்சியைத்தான்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பழைய வீடியோ கேம்களையும் பழைய கணினிகளையும் பற்றிய பாட்காஸ்டுகளைப் பல ஆண்டுகளாக உங்கள் செயலியில், சந்தா கட்டியே, கேட்டுவருகிறேன். அண்மைப் புதுப்பிப்புக்குப் பிறகு பேச்சல்லாத ஒலியை அடக்கும் குரல் தெளிவாக்கம், ஒலியற்ற இடைவெளிகளை வெட்டும் மௌன நீக்கம் ஆகிய இரண்டும் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் தாமாகவே இயங்குகின்றன என்பதும், அவற்றை அணைக்கும் வசதி எடுக்கப்பட்டுவிட்டது என்பதும் நீங்கள் அறிந்தவையே. அந்த வசதியைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவே இம்மடல்.

கடந்த வாரம் ஒரு நிகழ்ச்சியில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் கேசட் ஒன்றை ஓடவிட்டார்கள். 1982இல் பிரிட்டனில் சிங்க்ளேர் நிறுவனம் வெளியிட்ட அந்தக் கணினிக்கு விளையாட்டுகள் சாதாரண ஒலிநாடாவில்தான் வந்தன. முதலில் சில விநாடிகள் ஒரே சீரான ஊளை, பிறகு சிறு கீச்சொலி, மீண்டும் ஊளை, அதன்பின் நான்கைந்து நிமிடங்களுக்குக் காதைக் கிழிக்கும் கரகரப்பு. கணினி நிரல் 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் ஆனது; அந்தக் கரகரப்பில் 0 என்பது குறுகிய துடிப்பு, 1 என்பது அதைப்போல் இருமடங்கு நீண்ட துடிப்பு. முழு விளையாட்டும் அதற்குள்தான் இருக்கிறது. தொகுப்பாளர் "கேளுங்கள்" என்றார். உங்கள் செயலி அதை இரைச்சல் என்று முடிவுகட்டி அடக்கியது. அடக்கியதால் உண்டான மௌனத்தை வீண் மௌனம் என்று கண்டு வெட்டியது. மறுநொடியே அவர் "கேட்டீர்களா?" என்றார். இல்லை ஐயா, கேட்கவில்லை.

1980களில் நெதர்லாந்தின் என்ஓஎஸ் வானொலி 'ஹாபிஸ்கோப்' நிகழ்ச்சியிலும், அன்றைய யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடு வானொலி 'வென்டிலேட்டர் 202' நிகழ்ச்சியிலும் கணினி நிரல்களை இப்படியே ஒலியாக ஒலிபரப்பின. நேயர்கள் அவற்றைக் கேசட்டில் பதிந்து தங்கள் கணினிகளில் ஏற்றிக்கொண்டார்கள். வானொலி அலையையும் மலிவான டேப் ரெக்கார்டரையும் தாண்டிப் பிழைத்த ஒலி, உங்கள் மேம்பாட்டுக்குத் தப்பவில்லை.

கேசட்டோடு இது நிற்கவில்லை. அதே 1982இல் வந்த கமடோர் 64 கணினியில் பாப் யானெஸ் வடிவமைத்த 6581 என்னும் ஒலிச் சில்லு (சிப்), ஒரே நேரத்தில் மூன்று சுரங்களையே எழுப்ப வல்லது. ஒலியளவை மாற்றும்போதெல்லாம் மெல்லிய 'டிக்' சத்தம் எழுவது அதன் குறை. நிரலாளர்களோ ஒலியளவை அதிவேகமாக ஏற்றி இறக்கி, அந்தக் குறையைக் கொண்டே மேளத்தையும் மனிதக் குரலையும் வரவழைத்தார்கள். பின்னர் வந்த 8580 சில்லில் பொறியாளர்கள் குறையைச் சரிசெய்ய, அந்த மேளமும் குரலும் கேட்டும் கேளாததுமாய்த் தேய்ந்துபோயின. இந்த இரண்டு சில்லுகளிலும் ஒரே இசையை வாசித்து ஒப்பிடுவது எங்களைப் போன்ற நேயர்களுக்கு விருந்து. உங்கள் செயலியில் இரண்டும் ஒரே மழுங்கல். சரிசெய்கிறோம் என்று கெடுத்தவர்களில் நீங்கள் முதல்வர் அல்லர் என்பதில் வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

உங்கள் உதவிக் குழுவுக்கு எழுதியபோது, 'தங்கள் கேட்பு அனுபவத்தை மேம்படுத்தவே இந்த மாற்றம்' என்று எந்திரம் எழுதிய பதில் வந்தது. அதற்கும் மேலாக, இத்தனை நிமிடங்களை மிச்சப்படுத்திவிட்டீர்கள் என்று செயலியே ஒவ்வொரு வாரமும் பாராட்டுகிறது. கேட்பதற்கென்றே உட்கார்ந்தவனிடம், அவனைக் கேட்கவிடாமல் செய்த நேரத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்துக் காட்டும் துணிச்சலை எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. விளம்பரங்கள் மட்டும் ஒரு விநாடிகூடக் குறையாமல், தெள்ளத் தெளிவாக ஒலிக்கின்றன. அவற்றில் மௌனமோ இரைச்சலோ உங்கள் கருவிக்கு ஒருபோதும் அகப்படுவதில்லை போலும்.

கடுமையாக எழுதிவிட்டேனெனில் பொறுத்தருள்க. பேருந்திலும் ரயிலிலும் பேச்சு நிகழ்ச்சிகளைக் கேட்போருக்கு இந்த வசதிகள் பயன்படும் என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்கு அவை இருக்கட்டும். நான் வேண்டுவது, ஒவ்வொரு பாட்காஸ்டுக்கும் தனித்தனியே இவற்றை அணைத்துவைக்கும் ஒரு பொத்தான், ஒருமுறை அணைத்தால் அடுத்த புதுப்பிப்பிலும் அணைந்தே இருக்கும்படியாக. அதற்குக் காலம் பிடிக்குமெனில், அதுவரை தொகுப்பாளர்கள் பதிவேற்றிய மூலக் கோப்பை அப்படியே தரவிறக்கிக்கொள்ளவாவது வழி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சந்தாதாரர் ஒருவர்