எங்கள் தெருவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். மூன்று வருடம் மேற்கு ஆஸ்திரேலியாவில் டீசல் மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டுப் போன வாரம் குன்னூர் வந்து சேர்ந்தேன். வந்த அன்றே ஒவ்வொரு வீடாக ஏறிச் சொல்ல நினைத்தேன். நேரில் பார்த்ததும் பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் இருந்தது கல்கூர்லி என்ற தங்கச் சுரங்க ஊர். பெர்த்திலிருந்து 600 கிலோமீட்டர் உள்ளே. குடிக்கிற தண்ணீர்கூட 500 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. 1903-லேயே போட்டிருக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு அதை நம்பச் சில நாள் ஆனது. அங்கிருந்து கிழக்கே போகும் ரயில் பாதையில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. நம் மலை ரயில் 46 கிலோமீட்டருக்குள் 208 வளைவு திரும்புகிறது. நான் பழுது பார்த்த லாரிகளும் அந்த ஊருக்கு ஏற்ற நீளம்தான். மூன்று நான்கு டிரெய்லர் கோத்து ஐம்பது மீட்டரைத் தாண்டும். சுற்றிலும் ஒரு மலை இல்லாத அந்த வெட்டவெளியில் முதல் மாதம் தூக்கமே பிடிக்கவில்லை.

ஒரு நாள் மழை பெய்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் கற்பூர இலை வாசம், யூகலிப்டஸைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். 1843-ல் நீலகிரிக்குக் கற்பூர மரம் வந்தது அந்த நாட்டிலிருந்துதான். அங்கே இருப்பது வேறு ஜாதி, பட்டை இளஞ்சிவப்பாக இருக்கும். ஆனாலும் இலையைக் கசக்கினால் நம் ஊரில் அந்த இலையில் தைலம் காய்ச்சும் அடுப்புப் பக்கம் நிற்கிற மாதிரியே இருந்தது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாம் வருடம் நவம்பர் மழையில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது உங்களுக்குத் தெரியும். மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்திருந்த ராத்திரி அது. வேன் அண்ணன் கோத்தகிரி வழியாகச் சுற்றிக் கோயம்புத்தூர் கொண்டுபோனார். கீழ் வீட்டு அக்கா அம்மாவின் காலை மடியில் வைத்தபடியே கீழே இறங்கினார். டீசல் காசு கொடுத்தபோது அண்ணன் வாங்கவில்லை. அது எனக்கு இன்னும் மனசில் கிடக்கிறது.

போன் வந்தபோது அங்கே நடுராத்திரி தாண்டிவிட்டது. கூட வேலை பார்த்த ஒருவர், நான் கேட்காமலே வண்டியை எடுத்தார். இருட்டில் கங்காரு குறுக்கே பாயும் ரோடு; யாரும் விரும்பி ஓட்ட மாட்டார்கள். விடிய விடிய ஓட்டிப் பெர்த் விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, அன்றைக்கே வேலைக்குத் திரும்பினார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்றாலும் இந்த மடலில் அவர் பெயரில்லாமல் இருக்கட்டும், அவர் செய்தது இல்லாமல் இருக்கக் கூடாது.

அப்புறம் நம் அரை ஏக்கர் தேயிலை. நான் இல்லாத மூன்று வருடமும் கொழுந்து முற்றவிடாமல் பறித்தவர்கள் நீங்கள். ஒவ்வொரு பறிப்புக்கும் தேதி, கிலோ, கிடைத்த பணம் என்று எழுதிய நோட்டை அம்மா என்னிடம் கொடுத்தார். எத்தனை பேர் கையெழுத்து அதில்! சாயங்காலம் முழுக்க அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். வரும் ஞாயிறு மதியம் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். அவரைக் குழம்பு தானே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் தம்பி