அந்தப் பாட்டிகளிடம் பேச்சுக் கொடு, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பாட்டி 'ஸ்பெண்ட் எ பென்னி' போகணும் என்றார், நீ கடையில் ஏதோ வாங்கித் தரச் சொல்கிறார் என்று நினைத்து நின்றுவிட்டாய், அவர் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு மார்க் எடுத்துப் போயும் இது தெரியவில்லையே என்று மனசு விட்டுப் போகாதே.

பாத்ரூம் போகணும் என்றுதான் அதற்கு அர்த்தம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி காசு போட்டால்தான் திறக்கும், அதிலிருந்து வந்த பேச்சு. உன்னோடு வேலை பார்க்கிற சின்னப் பெண்களே இப்போது அப்படிச் சொல்வது குறைவு, அப்புறம் உனக்கு யார் சொல்லித் தருவார்கள்? நாகலூர் அம்மாயி வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும்போதே இடி உரலைத் தள்ளி வைத்துவிட்டு 'ஒதுங்கிட்டு வந்துடறேன்' என்று எழுந்து போகும். உன் அப்பா எதிரில் இருந்தால் அதுகூடக் கிடையாது, 'மாட்டைப் பாத்துட்டு வரேன்' என்றுதான் சொல்லும். நமக்குப் புரியும், ஏனென்றால் கூடவே இருந்தோம்.

நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தின காலத்தில் கொட்டுகிற மழைக்கு 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று போர்டில் எழுதிப் போடுவோம், பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குவார்கள். நீ போனதிலிருந்து அதை ஒருத்தர் வாயிலும் கேட்கவில்லை என்கிறாய். பேசப் பேசத்தான் இதெல்லாம் நாக்கில் ஒட்டும். அதனால் படுக்கை விரிப்பு மாற்றும்போது அந்தப் பாட்டிகளிடம், 'என் வயசில் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?' என்று ஒரு வார்த்தை கேள். மான்செஸ்டர் பக்கம் நூல் மில்லில் மரக்கட்டை அடி வைத்த செருப்பு போட்டு வேலைக்குப் போனவர்கள் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். 'பாப் மை கிளாக்ஸ்' என்று அந்தச் செருப்பை வைத்தே சாவைச் சொல்வார்கள். அவர்கள் சொல்லலாம், நீ திருப்பிச் சொல்லாதே. எழுதுகிற ரிப்போர்ட்டிலும் நேர் இங்கிலீஷ்தான்.

நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்றால் 'மஸ்ன்ட் கிரம்பிள்' என்பார்கள், குறை சொல்லக் கூடாது என்று. யுத்தம் முடிந்தும் 1954 வரை அங்கே ரேஷன் இருந்தது. இன்றைக்கு 85 வயதைத் தாண்டிப் படுத்திருப்பவர்கள் அந்த ரேஷனில் வளர்ந்தவர்கள், வலிக்கிறது என்று லேசில் வாய் திறக்க மாட்டார்கள். அம்மாயி இடுப்பு எலும்பில் விரிசல் விட்டும் 'பரவால்ல சாமி' என்று மூன்று நாள் நடந்ததே, அதே ஜாதிதான் இவர்களும். அந்த வார்த்தை காதில் விழுந்தால் விட்டுவிடாதே. தட்டில் சாப்பாடு மிச்சம் இருக்கிறதா, கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறாரா என்று பார், இன்னொரு தடவை மெதுவாகக் கேள்.

சின்னவர்கள் பேச்சு வேறு தினுசு. உன் கூட வேலை செய்கிற பையன் 'தட்ஸ் சிக்' என்றால் சூப்பர் என்று அர்த்தமாமே, உடம்பு சரியில்லை என்பதற்குப் பாட்டிகள் 'பூர்லி' என்கிறார்களாம். ஒரே வார்டில் இரண்டையும் கேட்கிறாய், இரண்டு பக்கமும் பேசு. டீ நேரத்தில் யாராவது 'ஷல் ஐ பி மதர்' என்றால் திகைக்காதே, நான் ஊற்றட்டுமா என்றுதான் கேட்கிறார்கள்.

ஏற்காட்டு காப்பித்தூளும் மிளகும் அப்பா பார்சல் போடுகிறார், தட்டுவடை நொறுங்கிவிடும் என்று வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அந்த வாரம் புதுசாக என்ன கேட்டாய் என்று சொல்லு, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

அம்மா
கோரிமேடு, சேலம்