மல்லிகாவுக்கு, ஹாலிஹாக் விஷயமாக

அன்புள்ள மல்லிகா,

சித்திரையில் நீ அனுப்பிய செய்திக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை எல்லாம் சேர்த்து வைத்துக்கொள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான். சுந்தரி மகள் கல்யாணப் படங்கள் வந்தன. அந்தப் பச்சைப் புடவை உனக்கு எடுபடவே இல்லை, யார் எடுத்துக் கொடுத்தது? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"உன் வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கிறதே, வெண்டைப்பூவுக்குப் பவுடர் பூசிவிட்ட மாதிரி ஒன்று, அதில் நாலு விதை கவரில் போட்டு அனுப்புடி" என்று கேட்டிருந்தாய். போனில் ஒரே வார்த்தையில் முடியாது என்று தட்டிவிட்டால் தீபாவளி வரைக்கும் பேசமாட்டாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வெண்டைப்பூ என்று நீ சொன்னது சரிதான். நீ கேட்ட அந்த ஹாலிஹாக்கும் வெண்டை, செம்பருத்தி எல்லாம் இருக்கிற நம் மால்வேசி குடும்பம்தான். பழைய பழக்கத்தில் ஒரு பூவைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். புறப்புல்லி வட்டம், ஒரு கற்றை மகரந்தத்தாள்கள் என்று எல்லாம் கல்லூரியில் பாலா சார் கரும்பலகையில் வரைந்தபடியே இருக்கின்றன. செய்முறைத் தேர்வில் செம்பருத்திக்கு நீ எழுதிய பூச் சூத்திரத்தில் சூலகத்தை மட்டும் மாற்றினால் இதற்கும் பொருந்தும், நீ விட்ட தப்போடு சேர்த்து. காயைப் பார்த்தால் துத்தி என்றே சொல்லிவிடுவாய். காய்ந்த புல்லி இதழ்கள் மேலே மூடிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தால் தட்டைத் தட்டையான விதைகள் ஒன்றையொன்று ஒட்டிச் சக்கரமாக அடுக்கியிருக்கும். விரலால் லேசாக நெருடினால் போதும், மொத்தமும் கலைந்து உள்ளங்கையில் கொட்டும். ஒரு தண்டில் எத்தனை காய், ஒரு காயில் எத்தனை விதை என்று நீயே பெருக்கிப் பார். இந்தச் செடிக்கு நம் தயவு ஏன் தேவைப்படுவதில்லை என்று புரியும்.

இதை நான் வளர்க்கிறேன் என்று சொல்வதே பொய். எதிர்வீட்டுத் தாத்தா கொடுத்த விதையை வேலியோரம் நல்ல மண்ணாகப் பார்த்துத் தூவினேன். அங்கே ஒன்றும் வரவில்லை. வாசல் சுவரும் நடைபாதையும் சேரும் விரிசலில், ஒரு ஸ்பூன் மண்கூட இல்லாத இடத்தில், வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் வருஷம் தரையோடு இலையை விரித்துக்கொண்டு சும்மா கிடக்கும். அந்தச் சமயத்தில் ஆணிவேரைக் கீழே இறக்கிக்கொள்கிறது. குளிர்காலத்தைக் கடந்து மறு வருஷம் தண்டு எழும்பி, ஜூலையில் கீழிருந்து மேலாகப் பூக்கும். மேலே மொட்டு இருக்கும்போதே கீழே காய் முற்றிவிடும். உதிர்ந்ததில் சில அந்த மழைக்கே முளைக்கும், சில அடுத்த வசந்தம் வரை சும்மா இருக்கும். வேர் ஆழமாகப் போன பிறகு பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்காது. இரண்டு இலை, நாலு இலை இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். எங்கே வேண்டும் என்று சொல்வது நம் வேலை இல்லை. எதைப் பிடுங்காமல் விடுவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. பிரான்ஸில் ரே தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே சந்துக்குச் சந்து வெள்ளைச் சுவரோரம் இதுதான், எல்லாம் கல் இடுக்கில் தானாக முளைத்தவை. அதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள்.

ஆவணி புரட்டாசியில் எங்கள் தெருவில் விதைக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். மின்கட்டணம் வந்த பழைய கவர்களில் விதையைப் போட்டு, நிறத்தை எழுதி, வாசல் சுவரில் வைத்து மேலே ஒரு கல்லை ஏற்றிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கவரில் எழுதியிருக்கும் நிறம் மட்டும் சுத்தப் பொய். தாத்தா வீட்டுப் பூ கறுப்பு என்றே சொல்லலாம், அவ்வளவு ஆழ்ந்த சிவப்பு. அதன் விதையில் எனக்கு வந்தது ரோஸ். குண்டுத் தேனீக்கள் உடம்பெல்லாம் வெள்ளைத் தூளோடு வீடு வீடாகப் போகும்போது எந்த நிறம் யாருடையது? போன வருஷம் ஒரு கவரை வாங்கி அலமாரியில் வைத்தேன். திறந்தபோது விதைகளில் பொடிப் பொடியாக ஓட்டை, கவருக்குள் நீண்ட மூக்கோடு கூன்வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. விதைக்குள்ளேயே புழுவாக இருந்து வளருமாம். இவர் அதைப் பார்த்து, "அரிசி டப்பாவை மூடு" என்று கத்தினார்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்லவள்தான், ஆனால் எதையும் சுத்தமாகத் துடைத்து வைக்கிற ரகம். ஹாலிஹாக்குக்கு இங்கே துருநோய் வராமல் இருக்காது. இலையின் மேல்புறம் ஆரஞ்சுப் புள்ளி, அடியில் தடவினால் சொரசொரவென்று பழுப்புக் கொப்புளம். கீழ் இலைகளில் ஆரம்பித்து மேலே ஏறும். நம் கல்லூரியில் கோதுமைத் துருவுக்கு இரண்டு வகைச் செடி வேண்டும் என்று உருப்போட்டோமே, ஹாலிஹாக் துருவை உண்டாக்கும் இந்தப் பக்சினியா மால்வேசியேரம் பூஞ்சைக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஒரே செடியில் காலத்தை ஓட்டிவிடும். ரோட்டோரத்தில் களையாக வளரும் மால்வாவிலும் குடியிருக்கும். அந்தப் பெண் தெருக் குழுவில் படம் எடுத்துப் போட்டு, எல்லோரும் எல்லாச் செடியையும் பிடுங்கி எறிந்தால் நோய் போய்விடும் என்று எழுதிவிட்டாள். தாத்தாவிடம் போன் கிடையாது. யாரோ அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்ட, அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரிடமும் புலம்பித் தீர்த்தார்.

அவள் சொல்வது புதுசு இல்லை மல்லிகா. இந்தத் துரு சிலி நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து, 1873-இல் இங்கிலாந்தில் இறங்கியது. லண்டனுக்கு வடக்கே சாஃப்ரன் வால்டன் என்ற ஊரில் வில்லியம் சாட்டர் என்றொருவர் நாற்றங்கால் வைத்து அடுக்கு ஹாலிஹாக் வளர்த்துப் பெரிய பெயர் வாங்கியிருந்தார். துரு அவர் செடிகளை நாசமாக்கிவிட்டது. அவர் பெயர் வைத்த அடுக்கு ரகத்தை இன்றைக்கும் விதைப் பாக்கெட்டில் விற்கிறார்கள், துருவும் இன்றைக்கும் இருக்கிறது. நம் தெருவில் மட்டும் பிடுங்கிவிட்டால் ஒழிந்துவிடுமா? நான் செய்வது இவ்வளவுதான். புள்ளி விழுந்த கீழ் இலைகளை அவ்வப்போது கிள்ளிக் குப்பையில் போடுகிறேன், உரக்குழியில் போடுவதில்லை. விதை முற்றியதும் பழைய செடியைப் பிடுங்கிவிடுகிறேன். கிழச் செடியை வைத்துக்கொண்டு மாரடிப்பதால்தான் துரு குளிர்காலத்தைத் தாண்டுகிறது. இளசுகள் தானாக வந்துகொண்டே இருக்கும்போது பழசு எதற்கு? இதைத் தாத்தாவிடம் சொன்னேன். "கிழசைப் பிடுங்கச் சொல்கிறாயா" என்று என்னையே முறைத்தார். அந்தப் பெண்ணிடமும் சொன்னேன், அவளும் முறைத்தாள். ஆக, நடுவில் நிற்பவளுக்கு இரண்டு பக்கமும் அடி. நீதான் ஹாஸ்டலில் என்னைப் பஞ்சாயத்துத் தலைவி என்று கேலி செய்தாய்.

இப்போது உன் நாலு விதை. அனுப்பமாட்டேன். வெளிநாட்டிலிருந்து விதையைக் கவரில் ஒளித்து அனுப்புவது சட்டப்படி தப்பு. இந்தியாவின் 2003-ஆம் வருஷத்து ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சட்டம் கிடக்கட்டும். கூன்வண்டும் துருவும் இருக்கிற தெருவிலிருந்து ஒரு கவர் உன் மலைக்கு வருவதை நீயே யோசித்துப் பார். அழகுக்கென்று கொண்டுவந்த உண்ணிச்செடி முதுமலைக் காட்டை என்ன செய்திருக்கிறது என்று களப்பயணத்தில் முட்கீறலோடு பார்த்தவர்கள் நாம். நீ மறந்திருக்கலாம், என் சேலை மறக்கவில்லை. ஹாலிஹாக் விதை நம் நாட்டிலேயே கிடைக்கிறது. வடக்கே குல்கைரா என்ற பெயரில் குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு போடுவார்கள். ஊட்டியிலோ குன்னூரிலோ நர்சரியில் கேள்.

வாங்கினால், மேலாக மண் தூவி மூடு, ஆழமாகப் புதைக்காதே. உங்கள் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும், அது அடங்கிய பிறகு போடு. செடிகளை நெருக்கமாக விடாதே, காற்று ஓடட்டும். சுவரோரம் வை, இல்லாவிட்டால் குச்சி கட்டு. காட்டுமாடு வந்து மேய்ந்தால் நான் பொறுப்பில்லை.

இன்னொன்று. நீ இந்த மார்கழியில் விதை போட்டால் அநேகமாக அதற்கடுத்த வருஷம்தான் பூ. அதாவது அடுத்த வருஷமும் நீ அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

கார்த்திக் எனக்குப் போன் செய்தான். அம்மா தனியாக மலையில் இருக்கிறாள், ராத்திரி ஒன்று என்றால் யார் ஓடுவது, சென்னைக்கு வரச் சொல்லுங்கள் அத்தை, நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றான். பிள்ளை பயப்படுவதில் தப்பில்லை. பாசி பிடித்த அந்தப் பின்படிக்கட்டை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால் நான் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் போன பிறகு அந்த வீட்டை விட்டு நீ ஒரு ராத்திரிகூட வெளியே தங்கவில்லை என்று சுந்தரி சொன்னாள். அது பிடிவாதமா, துக்கமா, இல்லை உனக்கு அங்கே உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. பூ வேண்டும் என்று கேட்கிறவள் இருக்கத்தான் நினைக்கிறாள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறேன். சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். என்னிடம் சமாளிக்க வேண்டாம். போவதானாலும் சொல். சென்னை வெயிலில் ஹாலிஹாக் தேறாது, அங்கே உனக்கு அந்திமந்தாரை போதும். அதுவும் கேட்காமலே முளைக்கிற ஜாதிதான்.

இருப்பதானால், முதல் வேலையாக அந்தப் படிக்கட்டில் கைப்பிடி போடச் சொல். ஆள் கிடைக்கவில்லை என்று கதை விடாதே, பாலா சார் தம்பி ஊட்டியில்தான் கான்ட்ராக்ட் எடுக்கிறார். பதிலைக் காகிதத்தில் எழுது. போனில் கட்டைவிரலைக் காட்டினால் சுந்தரியிடம் அந்தப் பச்சைப் புடவையைப் பற்றி நான் நினைத்த முழுவதையும் சொல்லிவிடுவேன்.

உன்
வசந்தா