குல்மார்க் ஸ்னோபோர்டிங் பயிற்சியில் நேர்ந்த முதுகெலும்பு முறிவு தொடர்பான புகார்

அனுப்புநர்:
தங்கள் பிப்ரவரி மாதப் பயிற்சிக் குழுவில் இடம்பெற்ற வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
சாகசச் சுற்றுலா நிறுவனம்,
சென்னை.

பொருள்: தொடக்கநிலையில் பயில்பவரைத் தகுதிக்கு மீறிய சரிவுக்கு அழைத்துச் சென்றது, விபத்துக்குப் பின் முறையான மீட்பு ஏற்பாடு இல்லாதது, காப்பீடு குறித்துத் தவறான தகவல் தந்தது ஆகியவை தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனம் இந்த ஆண்டு பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் நடத்திய, "முன் அனுபவம் தேவையில்லை" என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஐந்து நாள் ஸ்னோபோர்டிங் (இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துப் பனியில் சறுக்கும் விளையாட்டு) பயிற்சியில் நானும் என் தம்பியும் பணம் கட்டிச் சேர்ந்திருந்தோம். பயிற்சியின் இரண்டாம் நாளான பிப்ரவரி 13 அன்று மாலை நான் விழுந்ததில் இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு நொறுங்கியது. ஸ்ரீநகரில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பது மாதங்களுக்குப் பின் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியாததால், இதை எழுதி முடிக்க நான்கு நாள்கள் ஆயின.

மார்ச் மாதம் என் தம்பி அனுப்பிய மின்னஞ்சலுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் மூன்றே வரிகள்தான்: சாகச விளையாட்டு என்றால் ஆபத்து இருக்கத்தான் செய்யும், நாங்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறோம், நான் விரைவில் குணமடைய வாழ்த்துகள். விழுந்து எழாமல் இந்த விளையாட்டைக் கற்க முடியாது என்பது எனக்கும் தெரியும். முதல் நாள் மட்டும் இருபது முறைக்கு மேல் விழுந்திருப்பேன். அதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. எந்தச் சரிவில், எந்த நேரத்தில், எத்தகைய கருவிகளோடு, யாருடைய பார்வையில் நான் விழ நேர்ந்தது என்பதைத்தான் கேட்கிறேன். இவை நான்கையும் முடிவு செய்தவர்கள் தாங்கள்.

முதல் நாள் இரவு விடுதியில் நடந்த பாதுகாப்பு விளக்கம் முழுவதும் பனிச்சரிவைப் பற்றியதாகவே இருந்தது. 2023 பிப்ரவரியில் அப்பர்வத் மலையில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்ததையும், மறு ஆண்டு பிப்ரவரியில் ரஷ்ய நாட்டவர் ஒருவர் உயிரிழந்ததையும் தங்கள் ஒருங்கிணைப்பாளர் விரிவாக எடுத்துச் சொன்னார். அந்த அபாயம் உண்மையானதுதான். ஆனால் அந்த மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் உள்ள கேபிள் கார் நிலையத்துக்கு எங்கள் குழுவில் எவரும் போகப்போவதில்லை. தொடக்கநிலையினருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை எவையும் சொல்லப்படவில்லை. விழும்போது கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியக்கூடும் என்பதோ, அதற்கென மணிக்கட்டுக் காப்பு இருக்கிறது என்பதோ சொல்லப்படவில்லை. ஸ்கீ விளையாட்டின் பூட்டு விழுகையில் தானாகக் கழன்றுகொள்ளும், ஸ்னோபோர்டின் பட்டைகள் கழலாது, இரு கால்களும் பலகையோடு பிணைந்தே கிடக்கும் என்பதை நான் விழுந்த பிறகுதான் அறிந்தேன்.

எனக்குத் தரப்பட்ட ஹெல்மெட்டின் தாடைப் பட்டையில் கொக்கி உடைந்திருந்ததால் முடிச்சுப் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். உள்ளே இருக்கும் வெள்ளை நுரைப்பகுதியில் நகத்தை நுழைக்கும் அளவுக்கு விரிசல் இருந்தது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்பது இத்தொழிலில் இருக்கும் எல்லாரும் அறிந்த விதி. பனிச்சறுக்கு ஹெல்மெட்டுக்கான இ.என். 1077 தர முத்திரையும் அதில் இல்லை. விபத்து நாளன்று காலை என் தம்பி எடுத்த புகைப்படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இனி, புகாரின் மையத்துக்கு வருகிறேன். குல்மார்க்கில் கற்றுக்கொள்வோருக்கென்றே ஊரின் கிண்ணம் போன்ற புல்வெளியில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில், மென்மையான சரிவுகள் இருக்கின்றன. முதல் நாள் அங்கேதான் பழகினோம். இரண்டாம் நாள் பிற்பகல் வரை எனக்குப் பலகையின் குதிகால் பக்க விளிம்பில் பக்கவாட்டாகச் சறுக்கி நிற்க மட்டுமே வந்தது. மலையைப் பார்த்தபடி முன்விரல் பக்க விளிம்பில் இறங்க வரவில்லை, வளைந்து திரும்பவும் தெரியாது. இந்த நிலையில் எங்கள் ஒன்பது பேரையும் கேபிள் காரில் ஏற்றி, 3,080 மீட்டர் உயரத்தில் உள்ள கொங்டூரிக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து பைன் மரங்களுக்கிடையே ஊர் வரை இறங்கச் சொன்னார்கள். தங்கள் விளம்பரப் பட்டியலில் இரண்டாம் நாளுக்கு எதிரே "கொங்டூரி அனுபவம்" என்று அச்சிட்டிருப்பதால் எப்படியும் போயாக வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னதை என் தம்பியும் கேட்டான்.

அப்போது மணி நான்கை நெருங்கிவிட்டது. காலை வெயிலில் இளகிய பனி, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் மீண்டும் இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். நாள் முழுவதும் விழுந்து எழுந்த கால்களுக்கோ அப்போதுதான் வலு மிகக் குறைவாக இருக்கும். பயிற்றுநர் ஒருவர், அவர் முன்னே போய்விட்டார். நான் எனக்கு இன்னும் கைவராத முன்விரல் விளிம்பில், மலையைப் பார்த்து நின்றபடி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தேன். பள்ளத்துப் பக்கம் இருந்த குதிகால் விளிம்பு நொடியில் பனியைக் கவ்வியது. தரையை யாரோ காலடியிலிருந்து உருவியதுபோல் பின்னோக்கித் தூக்கி எறியப்பட்டு, இறுகிய பனியில் உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். உடம்புக்குள்ளே காய்ந்த முருங்கைக் கிளை முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

அசையாமல் படுத்திருந்தேன். பூட்ஸுக்குள் இரு கால்களின் விரல்களையும் அசைத்துப் பார்த்தேன்; அசைந்தன. இது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அதன் பிறகு தங்கள் உதவியாளர்கள் இருவர் வந்து, நான் முதுகு வலிக்கிறது என்று கத்தியதைப் பொருட்படுத்தாமல், அக்குளில் கை கொடுத்து என்னை எழுப்பி நிறுத்தினார்கள். பலகையைக்கூட அவிழ்க்கவில்லை. அதன் கனம் கால்களை ஒரு பக்கமாக முறுக்க, நிற்க முடியாமல் மீண்டும் விழுந்தேன். பின்னர் ஸ்னோ ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் உட்கார வைத்துக் குலுங்கக் குலுங்கக் கீழே கொண்டுவந்தார்கள். முதுகில் அடிபட்டவரை எழுப்பவோ உட்கார வைக்கவோ கூடாது. கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி நால்வர் சேர்ந்து ஒரே கட்டையாக உருட்டி, விறைப்பான தூக்குப் படுக்கையில் கட்டித்தான் இறக்க வேண்டும். இது முதலுதவியின் அரிச்சுவடி. தங்கள் குழுவிடம் தூக்குப் படுக்கையும் இல்லை, மலையில் உள்ள மீட்புக் குழுவை அழைப்பதற்கான எண்ணும் இல்லை.

ஸ்ரீநகர் மருத்துவமனையை அடைந்தபோது என் இடது பாதம் மரத்துப்போயிருந்தது. எழுப்பி நிறுத்தியதால்தான் அப்படி ஆனது என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. நானும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. நொறுங்கிய எலும்பின் துண்டுகள் தண்டுவடக் குழாய்க்குள் தள்ளப்பட்டிருந்ததைச் சி.டி. ஸ்கேன் காட்டியது. பனியில் கிடந்தபோது அசைந்த விரல்கள் மருத்துவமனையில் அசையவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்த உண்மை. அதற்கான விளக்கத்தைத் தேடும் பொறுப்பு தங்களுக்கும் உண்டு.

முதுகில் திருகாணிகளும் கம்பிகளும் பொருத்தப்பட்டு, விமானத்தில் பல இருக்கைகளுக்குக் கட்டணம் செலுத்தி, படுத்த நிலையில் ஊர் திரும்பினேன். மூன்று மாதங்கள் மார்பிலிருந்து இடுப்பு வரை கவசம் அணிந்திருந்தேன். பக்கவாட்டில் புரள்வதற்கு அம்மாவும் தம்பியும் சேர்ந்து பிடிக்க வேண்டும்; சிறுநீர்க் குழாயை எடுத்த அன்று வீட்டில் எல்லாரும் அழுதோம். பிசியோதெரபிஸ்ட் தினமும் காலையில் வந்து, "பெருவிரலை மேலே தூக்குங்க அக்கா" என்பார். நான் தூக்குவேன்; விரல் அப்படியே கிடக்கும். நாற்பத்தோராம் நாள் அது நெல் மணி அளவுக்கு மேலே எழும்பியது. இப்போது கைத்தடியோடு தெருமுனை வரை நடக்கிறேன். இடது பாதம் இன்னும் முழுதாக உயராததால் வாசற்படியில் தட்டுகிறது. வங்கிப் பணிக்குத் திரும்பவில்லை. சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறேன்.

தங்கள் கட்டணத்தில் "சாகச விளையாட்டுக் காப்பீடு உட்பட" என்று ரசீதிலேயே இருக்கிறது. உரிமை கோரியபோது, தாங்கள் எடுத்திருந்தது சாதாரணப் பயணக் காப்பீடு என்றும், பனி விளையாட்டுக் காயங்கள் அதில் விலக்கப்பட்டவை என்றும் காப்பீட்டு நிறுவனம் பதிலளித்தது. ஒப்புதல் படிவத்தைப் பொறுத்தவரை, டெல்லி விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு வரிசையில் நிற்கும்போது, ஆங்கிலத்தில் பதினோரு பக்கங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. கையெழுத்திடாதவர்கள் திரும்பிப் போகலாம், பணம் திரும்ப வராது என்றார்கள். விழும் ஆபத்தை ஏற்றுத்தான் கையெழுத்திட்டேன். உடைந்த ஹெல்மெட்டையும் தங்கள் கவனக்குறைவையும் ஏற்று அல்ல.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 30 நாள்களுக்குள் தாங்கள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டுகிறேன். அன்றைய விபத்து அறிக்கை, பயிற்றுநரின் தகுதிச் சான்று, காப்பீட்டு ஒப்பந்தத்தின் முழு நகல் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். காப்பீடு இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மருத்துவச் செலவையும், ஊர் திரும்பிய விமானச் செலவையும், ஒன்பது மாதச் சம்பள இழப்பையும் ஈடு செய்ய வேண்டும், ரசீதுகள் இணைக்கப்பட்டுள்ளன. வரும் டிசம்பரில் புதிய குழு கிளம்புவதாகத் தங்கள் விளம்பரம் சொல்கிறது. அதற்கு முன்பாக, திரும்பவும் நிற்கவும் தெரிந்தவர் என்று பயிற்றுநர் எழுதிக் கொடுக்காத எவரையும் கொங்டூரிக்கு ஏற்றுவதில்லை என்று உறுதியளிக்க வேண்டும். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நான் வசிக்கும் கோயம்புத்தூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்கான வழக்கைப் பதிவு செய்வேன்; அதற்குரிய இரண்டு ஆண்டுக் காலவரம்பு இன்னும் முடியவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் பயிற்றுநர் இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத உள்ளூர் இளைஞர். மேலே போக வேண்டாம், பனி இறுகிவிட்டது என்று அவர் ஒருங்கிணைப்பாளரிடம் இருமுறை சொன்னார். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை என் தலைமாட்டிலேயே நின்றவரும் அவர்தான். இந்தப் புகாரைக் காரணம் காட்டி அவரை வேலையிலிருந்து நீக்கினால் அதையும் ஆணையத்தின் முன் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.