மைக் இல்லாத ஆராதனை

பாளையங்கோட்டை

அன்புள்ள சிநேகிதிக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். பாபநாசம் அணையில் தண்ணீர் இருப்பதால் பிசான பருவ நெல் நடவு மும்முரமாக நடக்கிறது. அண்ணன் வயலே கதியென்று கிடக்கிறார். சின்னவள் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, பிரசங்கமே இல்லாமல் ஓர் ஆராதனை நடக்கிறதாமே என்று எழுதியிருந்தாய். யார் சொன்னார்களோ, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் வாலிபர்கள் கேட்டார்கள், எங்கள் போதகர் ஐயர் சம்மதித்தார். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பழைய ஜெபவீட்டில் நடக்கிறது. பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பாய் விரிப்போம். மைக் கிடையாது. ஒரு பல்லவியை எல்லாரும் மெதுவாகத் திரும்பத் திரும்பப் பாடுவோம். சுவிசேஷத்தில் ஒரு சின்னப் பகுதியை ஒருவர் இரண்டு தடவை நிதானமாக வாசிப்பார். அப்புறம் பத்து நிமிஷம் மௌனம். அதன்பின் அவரவர் விருப்பம்: ஒரு மூலையில் காருக்குறிச்சியிலிருந்து வாங்கிவந்த குயவர் மண், இன்னொரு மூலையில் தாளும் வண்ணமும் இருக்கும். எதையும் தொடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். கடைசியில் பரமண்டல ஜெபம், ஆசீர்வாதம். அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று நீ கேட்பாய். சங்கிலி ஜெபம் உனக்கு நினைவிருக்கும். வட்டமாக முழங்காலில் நின்று, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும். ஜெபிக்கத் தெரிந்தவர்கள் அருமையாக ஜெபிப்பார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானே அதில் வளர்ந்தவள். ஆனால் தன் முறை நெருங்க நெருங்க வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறவர்களை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். வார்த்தை வராதவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கடவுள்மேல் கோபமாக இருந்தும் அதைச் சபை நடுவே சொல்ல முடியாதவர்கள். அவர்கள் மெல்ல மெல்லக் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார்கள், பிறகு கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். வேதத்தில் பிள்ளையில்லாத அன்னாள் தேவாலயத்தில் ஜெபித்தபோது உதடுகள் மட்டும்தான் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியரான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். நம் சபைகளில் இன்றைக்கும் அன்னாள்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு பாயும் பத்து நிமிஷமும் கொடுப்பது பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் தெருவில் ஒரு அம்மா, கணவர் இறந்தபின் ஞாயிறு ஆராதனைக்கு வந்தாலும் யாரிடமும் பேசாமல் ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவார். இந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் தவறாமல் வருகிறார். மண்ணைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே இருப்பார், உருவம் எதுவும் செய்வதில்லை. யாரும் எதுவும் கேட்பதில்லை, ‘சாட்சி சொல்லுங்கள்’ என்று எழுப்பி நிறுத்துவதுமில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ‘இது கத்தோலிக்க வழக்கம்’ என்றார்கள் பெரியவர்கள் சிலர். இப்படிப் பாடி மௌனமாயிருக்கும் முறையை நம் பிள்ளைகள் எடுத்தது பிரான்சில் இருக்கும் தேஸே என்ற சிற்றூரிலிருந்து. 1940-இல் அங்கே வந்து குடியேறி அந்தச் சமூகத்தைத் தொடங்கிய சகோதரர் ரோஜர், சுவிட்சர்லாந்தில் ஒரு புராட்டஸ்டண்ட் சீர்திருத்த சபை போதகரின் மகன். யுத்த காலத்தில் தப்பி வந்த யூதர்களுக்கும் மற்ற அகதிகளுக்கும் அந்த வீட்டில் இடம் கொடுத்தார். பிற்பாடு கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளுமாகச் சகோதரர்கள் அங்கே ஒன்றாக வாழத் தொடங்கினார்கள். பல நாட்டு வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் வந்தபோது, எல்லாரும் சேர்ந்து பாடும்படி ஒன்றிரண்டு வரியில் பாட்டு வேண்டியிருந்தது. அவற்றில் பலவற்றுக்கு இசை அமைத்தவர் ழாக் பெர்த்தியே. இதையெல்லாம் ஐயர் ஒரு நாள் சபைக் கமிட்டியில் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

படம் வரைவதைப் பற்றியும் முணுமுணுப்பு வந்தது. நம் கோயில்கள் வெள்ளையடித்த சுவரும் வளைவில் எழுதிய வசனமுமாக இருந்தே பழகியவை. மிஷனரிகள் விட்டுப்போன அந்த எளிமை எனக்கும் பிரியமானதுதான். ஆனால் யாத்திராகமத்தில் பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்ய பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தரே சொல்லியிருக்கும்போது, ஒரு பிள்ளை கையில் தூரிகை எடுப்பதற்கு நாம் ஏன் பயப்பட வேண்டும்? அது வரைந்த படத்தை யாரும் கும்பிடப் போவதில்லையே.

இனி பாட்டு. இதைப் பற்றித்தான் உன்னிடம் எழுத வேண்டும், ஏனென்றால் காது உள்ளவள் நீ. முதலில் தேஸே பாட்டுகளையே தமிழாக்கிப் பாடினார்கள். எனக்கு ஒட்டவே இல்லை. மெட்டு நீளுகிற இடத்தில் குறில் வந்து விழுகிறது; பாடுகிறவர்கள் அதை இழுத்து இழுத்து வார்த்தையையே கெடுத்துவிடுகிறார்கள். நான் சொன்னேன்: நமக்குக் கீர்த்தனை இருக்கிறது. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் எழுதிக் குவித்தது போதாதா? பல்லவி திரும்பத் திரும்ப வருவது கீர்த்தனையின் இயல்பே. சரணத்துக்கு ஓடாமல் பல்லவியிலேயே நில்லுங்கள், கீபோர்டை மூடி வையுங்கள், சுருதிப்பெட்டி மட்டும் போதும். செய்து பார்த்தார்கள். மூன்றாவது நான்காவது தடவையில் குரல்கள் தாமாகவே தணிந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன.

அப்புறம் கவிஞர் கிருஷ்ணபிள்ளை. இதோ பக்கத்தில் கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்ற பாட்டு உனக்கு மனப்பாடம். ‘அத்தா உன்னையல்லால் எனக்கார் துணை யாருறவே’ என்ற அந்த அடியை மட்டும் ஒருநாள் எடுத்துக்கொண்டோம். தாளம் இல்லாமல், விருத்தமாக, ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடினோம். அன்றைக்கு மௌனத்துக்கு யாரும் மணி அடிக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டு நின்றது, யாரும் அசையவில்லை. இந்த ஒரு அடியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டலாம் போலிருக்கிறது. பிரான்சிலிருந்து நாம் கற்க வேண்டியது அங்கே பாடும் பாட்டு இல்லை, அவசரப்படாமல் ஒரே அடியில் தங்கியிருக்கிற பொறுமை என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒப்பாத ஒன்றும் உண்டு. மௌன நேரத்தில் மொபைலிலிருந்து மெல்லிய இசையை ஓட விடுகிறார்கள் சிலர். சும்மா இருந்தால் பிள்ளைகளுக்குச் சங்கடமாக இருக்குமாம். இருக்கட்டுமே! அந்தச் சங்கடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எலியா தீர்க்கதரிசி கர்த்தரிடமிருந்து கேட்டது அமர்ந்த மெல்லிய சத்தம். அதற்குப் பின்னணி இசை எதற்கு? தெருவில் ஆட்டோ சத்தமும் எதிர்வீட்டு டிவியும் கேட்கும், கேட்கட்டும். ஆனால் புரொஜெக்டரில் அருவியும் சூரிய உதயமும் காட்டுவது வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பாபநாசம் போனால் அருவியையே பார்த்துவிடலாம்.

கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெந்து காலச் சனிக்கிழமைகளில் வாரா வாரம் வைக்கலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். தரையில் கோலமாவால் ஒரு புதிர்வழி போட வாலிபப் பெண்களுக்கு ஆசை. பிரான்சில் சார்த்ர் தேவாலயத்தில் 13-ஆம் நூற்றாண்டில் தரையிலே கல்லில் பதித்தது போல, முட்டுச்சந்தே இல்லாத ஒரே பாதை, நடந்துகொண்டே ஜெபிக்கலாம். கோலமாவா, கோயிலுக்குள்ளேயா என்று கமிட்டியில் இன்னும் பேச்சு ஓடுகிறது. நான் பிள்ளைகள் பக்கம்தான்.

கிறிஸ்மஸுக்கு நீ வருவதாக எழுதியிருக்கிறாய். ஒரு வாரம் முன்னதாகவே வா. கடைசிச் சனிக்கிழமைக்கு இருப்பாய். கிருஷ்ணபிள்ளை அடியை எந்த ராகத்தில் வைத்தால் இந்தக் கூட்டத்துக்குக் குரல் எட்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். நான் ஆனந்தபைரவியில் வைத்தேன், ஆண்களுக்கு மேலே எட்டவில்லை. உன் தம்புராவையும் தூக்கிக்கொண்டு வா, ரயிலில் கவனமாக வை. மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி