எண்ணெய் டின்னுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

பலாத் திருவிழா நல்லபடியாக முடிந்தது. முதல் நாள் ராத்திரி காற்றிலும் மழையிலும் பந்தல் விழுந்து நாங்கள் பட்ட பாட்டை நீங்களே பார்த்தீர்கள், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. கையில் ஒட்டிய பலாப்பால் இன்னும் முழுசாகப் போகவில்லை. அது போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

பந்தல் விழுந்ததைவிட, அதனடியில் வெடித்துக் கிடந்த பழங்கள்தான் எங்களைக் கலங்கடித்தன. வெடித்த பழத்தை மழைத்தண்ணீரும் ஈயும் விடுமா? விடிவதற்குள் சுளை எடுத்தாக வேண்டும். கத்தி இருந்தது, ஆள் இருந்தது, எண்ணெய்தான் இல்லை. பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவாமல் பலாவை அறுத்தால், நாலாவது பழத்தில் விரலும் விரலும் பிரியாது. கரண்ட் இல்லை, கடையெல்லாம் சாத்தியாகிவிட்டது. வீடு வீடாகக் கேட்டு வாங்கிய எண்ணெய் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அப்போதுதான் கிழக்குத் தெருப் பெரியப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மேற்கால மறைப்பு கட்டாத பந்தல் வைகாசிக் காத்துக்கு நிக்காதுடா" என்று அவர் போன மாதக் கூட்டத்தில் சொன்னபோது முதலில் சிரித்தவன் நான். உங்கள் திருவிழாவுக்குப் பத்து பைசா தரமாட்டேன் என்று துண்டை உதறிக்கொண்டு போனவர் அவர். டார்ச் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்ததும், சரி, சொல்லிக்காட்ட வருகிறார் என்றே நினைத்தேன். அவர் கேரியரிலிருந்து ஒரு நல்லெண்ணெய் டின்னை அவிழ்த்து இறக்கினார். பெரியம்மா ஊறுகாய் போட வாங்கி வைத்திருந்த எண்ணெய் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"கைய நீட்டு" என்றார். நீட்டினேன். முழங்கை வரை அவரே தடவிவிட்டார். எனக்கு வயது 46.

நாலு மணி வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுளை எடுத்தார். பந்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, "தானேல பதினோரு மரம் சாஞ்சுது. வீணைக்குப் போற மரம், அடுப்புக்குப் போச்சு" என்றார். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அந்தத் தானே புயல் கரையைக் கடந்தபோது பலாவும் முந்திரியுமாக இந்தச் செம்மண்ணில் எத்தனை தோப்பு படுத்தது என்று நமக்குத் தெரியும். அந்த இடத்தில் அவர் பாலூர் ஆராய்ச்சிப் பண்ணை ரகப் பலா ஒட்டுக்கன்றுகளை நட்டார். இப்போது அவை அடிமரத்திலிருந்தே காய்த்துத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் அந்த வழியே போகிறேன். ஒரு நாளாவது நின்று அவரிடம் அதைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

கிளம்பும்போது அவர் எடுத்துக்கொண்டது ஒரு சாக்கு சக்கை. மாட்டுக்காம்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாகப் பழம் அனுப்பிய பணிக்கன்குப்பம் வியாபாரிகள், கொட்டும் மழையில் கம்பம் ஏறிய மின்வாரியத் தம்பிகள், எடுத்த சுளையைக் கூடை கூடையாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரர்கள், மிஞ்சிய கொட்டையில் அத்தனை பேருக்கும் குழம்பு வைத்த மகளிர் குழு அக்காக்கள், தூங்காமல் கூட நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. பெயர் போட்டால் ஒன்றிரண்டு விட்டுப்போகும், அப்புறம் அது வேறு சண்டை.

அடுத்த வருஷம் பந்தல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எங்கே மறைப்பு என்பதைப் பெரியப்பாதான் சொல்வார். அவர் சொல்லும் வரை ஒரு கழி ஊன்ற மாட்டேன். இதை ஊர் முன்னால் எழுதியே தருகிறேன்.

டின் என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. மூன்று தடவை தேய்த்தும் கைப்பிடியில் பலாப்பால் போகவில்லை. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்கிறாள். நாளைக்குச் செக்குக்குப் போய் நிரப்பிக்கொண்டு, பெரியம்மா ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.